யானையை விட்டுக் கழுகில் ஏறியவர்கள்

கே: கண்டி நகரில் வாகன நெரிசல் எப்போது தீரும்? (கட்டுகஸ்தோட்டை வாசகர்)

ப: இந்த ஊரில் நேரத்துக்குப் போய்ச் சேர்வது பெரஹெரா யானைகள் மட்டுந்தான். அவற்றைக் கேளுங்கள்.

கே: கட்சியை உடைத்துக்கொண்டு போனவர்கள் உருப்பட்டதுண்டா? (பேராதனை வாசகர்)

ப: அப்படிக் கேளுங்கள்! பண்டாரநாயக்க 1951இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டுப் போனார்; 1956இல் பிரதமர். அதை நம்பித்தான் நாற்பது வருடம் கழித்து லலித் அத்துலத்முதலியும் நம்ம கொத்மலை காமினி திசாநாயக்கவும் அதே கட்சியின் சின்னமான யானையை விட்டு இறங்கினார்கள். ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் குற்றப் பிரேரணை. கையெழுத்து வைத்தவர்களில் சிலர் பின்வாங்க, சபாநாயகர் எம்.எச். முஹம்மத் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். கட்சி இவர்களை வெளியே தள்ளியது. இருவருமே சட்டத்தரணிகள். மேடை போடுமுன் வழக்குப் போடுவார்கள்! நீக்கியது சரியே என்றது உயர் நீதிமன்றம். பாராளுமன்ற ஆசனமும் போச்சு. மிஞ்சியது அவர்கள் தொடங்கிய ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணியும் அதன் கழுகுச் சின்னமும். யானை மேல் தூங்கிக்கொண்டே ஊர்வலம் போகலாம். கழுகு மேல் கண் அசர முடியுமா, ஐயா?

கே: லலித் பெரியவரா, காமினி பெரியவரா? (கம்பளை வாசகர்)

ப: வயதில் லலித்.

கே: கடைசியில் அந்தக் கழுகுக் கட்சி என்னதான் ஆனது? (தெல்தெனிய வாசகி)

ப: இதற்குப் பகிடி வரவில்லை, அம்மா. மாகாண சபைத் தேர்தல் பிரசாரத்தில், 1993 ஏப்ரல் 23 அன்று, கிருலப்பனை மேடையில் லலித்தைச் சுட்டார்கள். எட்டாம் நாள், மே தினத்தன்று, பிரேமதாச குண்டுக்குப் பலியானார். தாய்க் கட்சிக்குத் திரும்பிய காமினி, ஜனாதிபதி வேட்பாளராக நின்றபோது 1994 ஒக்டோபர் 24 அன்று தொட்டலங்கக் கூட்டத்தில் கொல்லப்பட்டார். லலித்தின் மனைவி ஸ்ரீமணி சந்திரிகா குமாரதுங்கவின் பக்கம் போனார். உங்கள் பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீருக்குள் போனது காமினி மகாவலி அமைச்சராக இருந்த காலத்தில். அந்தக் கோபம் உங்களுக்கு இருக்கலாம். ஆனாலும் சண்டை பிடித்த மூவரும் ஏறக்குறையப் பதினெட்டு மாதத்தில் கொலையுண்டார்கள். தோற்கவும் திரும்பி வரவும் லலித்துக்கு அவகாசம் தரப்படவில்லை.

கே: நானும் ஒரு கட்சி தொடங்கட்டுமா? (அக்குறணை வாசகர்)

ப: தாராளமாக. கையெழுத்து வைத்தவர்களை மட்டும் மறுநாள் காலையில் இன்னொரு தரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.