நாலு பேர், ஒரு பந்து

அமெரிக்க அலுவலகங்களில் குளிர் விட்டு மரங்கள் துளிர்த்ததும் ஒரு மெயில் வரும். கம்பெனி கோல்ஃப் அவுட்டிங். ‘ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஜாலியாக ஒரு நாள்’ என்று அதில் தவறாமல் ஒரு வரி இருக்கும். அந்தப் ‘பரவாயில்லை’யை நம்பிப் பெயர் கொடுக்கும் ரகம் நான். மெயிலை எழுதிய மனிதவளத் துறைப் பெண்மணி அன்று மட்டையைத் தொடவே மாட்டார். கிளப் ஹவுஸில் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து ராஃபிள் சீட்டு கிழித்துக்கொண்டிருப்பார். விவரமானவர்.

சென்னையில் வளர்ந்தவனுக்குக் கோல்ஃப் என்பது ஒரு மதில்சுவர். நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி காஸ்மாபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. தினம் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. கிண்டியில் ஜிம்கானா கிளப்காரர்கள் குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவிலேயே ஆடினார்கள். குதிரை மேல் பணம் கட்ட வந்தவர் அந்தப் பக்கம் திரும்பியாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். நியூ ஜெர்சியில் அப்படியில்லை. கவுன்ட்டி நடத்தும் பொது மைதானங்கள் உண்டு. காசைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் போய்ப் புல்லைப் பெயர்க்கலாம். காலர் வைத்த சட்டை, அவ்வளவுதான் தகுதி.

இந்த அவுட்டிங்குகளில் ஆடுவது நிஜ கோல்ஃப் இல்லை. அதற்கு ஸ்கிராம்பிள் என்று பெயர். நாலு பேர் ஓர் அணி. நாலு பேரும் ஆளுக்கொரு பந்து அடிப்பார்கள். நாலில் எது நல்ல இடத்தில் விழுந்ததோ, அங்கே போய் மறுபடி நாலு பேரும் அடிப்பார்கள். பந்து குழிக்குள் விழும்வரை இதே கதை. கேட்பதற்கு எவ்வளவு கருணையான ஏற்பாடு! நான் அடித்தது குளத்துக்குள் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் என் பந்து வேண்டாம் என்று மூன்று பேர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதையும் அமெரிக்க மரியாதையோடு சொல்வார்கள். “அருமையான ஸ்விங்! உன் பந்தையே எடுத்துக்கலாம். ஆனா இவரோடது ஒரு பொடி முன்னாடி கிடக்கு.” அந்தப் பொடி இருநூறு கெஜம் இருக்கும். பதினெட்டு குழிக்கு எழுபது தடவையாவது இது நடக்கும். ஒரே நாளில் எழுபது வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, எழுபது வீட்டிலும் ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்று கேட்டுக்கொண்ட மாப்பிள்ளை எப்படி இருப்பான்? அப்படித்தான் சாயங்காலம் நானும் இருப்பேன்.

தனியாக ஆடும் கோல்ஃபில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே நீங்கள் மோசமாக ஆடினால் மோசமான ஆட்டக்காரர், அத்தோடு சரி. இங்கே நீங்கள் உபரி.

உபரி என்று ஒதுங்கி நிற்கவும் விடமாட்டார்கள். பல போட்டிகளில் ஒரு நிபந்தனை வைக்கிறார்கள்: ஒவ்வொருவருடைய முதல் அடியையும் குறைந்தது இரண்டு குழிகளிலாவது அணி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே சூரன் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். பத்தாவது குழி வரைக்கும் இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பதினோராவதில் ஸ்கோர் அட்டையைப் பார்த்து முணுமுணுப்பு ஆரம்பமாகும். பிறகு குறைந்த தூரக் குழி ஒன்று வரும், நூற்று நாற்பது கெஜம்தான், மூன்று பேரும் என்னைப் பார்ப்பார்கள். “பதட்டமே வேண்டாம், சும்மா தட்டிவிடு.” அந்த நிமிஷத்திலிருந்து பதட்டம்தான். பந்து அறுபது கெஜம் உருண்டு போய் நிற்கும். “நேரா போச்சு பார்!” என்று கை தட்டுவார்கள். நேராகத்தான் போனது, தூக்கத்தில் உருளும் குழந்தையும் நேராகத்தான் போகும். அதை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து அவர்கள் அடிக்கும் இரண்டாவது அடியில் இருக்கும் ஆத்திரத்தை எந்த அலுவலகக் கூட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஆடத் தெரியாதவனால் அணிக்கு வரும் கஷ்டம் அந்த இரண்டு குழியோடு தீர்ந்துவிடுகிறது. நிஜமான கஷ்டம் அரைகுறையாகத் தெரிந்தவரால் வருவது. எல்லா அணியிலும் ஒருவர் இருப்பார். எங்கள் அணியில் இருந்தவரை குரு என்றே வைத்துக்கொள்வோம். முப்பது வருஷமாக ஆடுகிறவர். முப்பது வருஷமாகப் பந்து வலது பக்கம் வளைந்து பக்கத்துக் குழியின் புல்வெளிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குக் காற்று, வாத்து, பின்னால் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தது என்று தடவைக்கு ஒரு காரணம் கிடைக்கும். என் பந்து தப்பிப் போனால் மட்டும் காரணம் நான்தான். அதைத் திருத்துவதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டார். தலையை நிமிர்த்தாதே. இடது கையை மடக்காதே. மட்டையைக் குருவிக்குஞ்சு மாதிரி பிடி. இடுப்பை முதலில் திருப்பு. உடம்பைத் தளர்த்து. எதையும் யோசிக்காதே. மட்டை மேலே போய்க் கீழே வர இரண்டு விநாடிகூட ஆகாது. அதற்குள் இந்த ஆறையும் நினைவில் வைத்துக்கொண்டு ஆறாவதைக் கடைப்பிடிப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏழாவதாக ஒன்று வந்திருக்கும்.

ஆடத் தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை என்பதையும் கவனித்தேன். கணக்குப் பிரிவிலிருந்து எங்கள் அணிக்கு வந்த பெண்மணி கல்லூரி அணிக்கு ஆடியவராம். குழியைச் சுற்றிய கிரீனில் குனிந்து பார்ப்பார், பட்டர் மட்டையால் ஒரு தட்டு, பந்து குழிக்குள். நாள் முழுக்க எனக்கு அவர் கொடுத்த ஒரே அறிவுரை, “வெயில் ஏறுது, தண்ணி குடிங்க.” அன்று கேட்டதிலேயே பலன் கொடுத்தது அது ஒன்றுதான்.

அறிவுரையிலிருந்து தப்பிக்க எவ்வளவு தூரம் போனாலும் போதாது. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14இல் போன ஆலன் ஷெப்பர்ட், மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் ஆறாம் நம்பர் மட்டையின் தலையை மாட்டி, நிலவில் இரண்டு பந்துகளை அடித்தார். கனத்த விண்வெளி உடை, அதனால் ஒற்றைக் கைதான். கூட இருந்த எட்கர் மிட்செல், பந்தைவிட மண்தான் அதிகம் பறந்தது என்றார். ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தள்ளி ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த ஃப்ரெட் ஹெய்ஸ், பந்து வளைந்து போன மாதிரி தெரிகிறதே என்றார். காற்றே இல்லாத இடத்தில்! ஷெப்பர்டும் சளைத்தவரில்லை; கடைசிப் பந்து மைல் கணக்கில் போகிறது என்று அறிவித்துவிட்டார். ஐம்பது வருஷம் கழித்துப் பழைய படங்களைத் துலக்கி அளந்தார்கள். ஒன்று 24 கெஜம், இன்னொன்று 40 கெஜம். என் அறுபது கெஜத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தொல்லை நேரம். அவுட்டிங்கில் எல்லா அணிகளும் ஒரே சமயத்தில், ஆளுக்கொரு குழியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும். ஷாட்கன் ஸ்டார்ட் என்பார்கள். 1956இல் வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலாவில் நிஜமாகவே துப்பாக்கி வெடித்துத் தொடங்கி வைத்தார்களாம். இப்போது ஹாரன்தான். எல்லாரும் சேர்ந்து தொடங்கி, எல்லாரும் சேர்ந்து முடித்து, எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்பது திட்டம். எங்காவது ஓர் அணி தேங்கினால் போதும், மைதானம் முழுக்க நிற்கும். விதிப்படி, காணாமல்போன பந்தை மூன்று நிமிஷம்தான் தேடலாம். 2019 வரை ஐந்து நிமிஷம் இருந்ததைக் குறைத்தார்கள். ஸ்கிராம்பிளில் அந்த மூன்று நிமிஷமும் அநாவசியம், வேறு மூன்று பந்துகள்தான் இருக்கின்றனவே! குரு ஒப்ப மாட்டார். அது டஜன் ஐம்பது டாலர் பந்து. புதருக்குள் போய், தன்னுடையதைத் தவிர மற்றவர்கள் தொலைத்த பந்துகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு திருப்தியாக வெளியே வருவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நெரிசல், கார் நிற்கும் குழியில். கார் விற்பவர் யாராவது புத்தம் புது வண்டியைப் புல்வெளியில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டால் கார் உங்களுக்கு. சாதாரண ஆட்டக்காரருக்கு அது 12,500 தடவைக்கு ஒரு தடவை நடக்கலாம் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். அதற்கும் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுவதால் கார்க்காரருக்குக் கவலையே கிடையாது. அடித்தது உண்மையா என்று பார்க்கக் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு ஒரு சாட்சி உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு மைதானத்திலேயே நிம்மதியாக இருந்த மனிதர் அவர்தான். அதுவரை அரட்டையடித்துக்கொண்டே அடித்தவர்கள் இங்கே வந்ததும் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்ப்பார்கள். மூன்று அணி பின்னால் காத்துக்கிடக்கும். எங்கள் குரு கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, சீட்டைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு வந்து அடித்தார். பந்து வலது பக்கம் போனது.

கிரீனுக்கு வந்தால் வாத்து. நியூ ஜெர்சி மைதானங்களை உண்மையில் அனுபவிப்பது கனடா வாத்துகள்தான். கூட்டம் கூட்டமாக மேய்ந்துவிட்டு, மேய்ந்ததன் விளைவுகளையும் அங்கேயே விட்டுப்போகும். எச்சம் பந்தின் வழியில் கிடந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிறது விதி. யார் எடுப்பது என்று விதி சொல்லவில்லை. உபரி எடுப்பான் என்பது மரபு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். எண்ணைக் கேட்டதும் பக்தி வந்தது. ஒவ்வொரு பட்டிங்குக்கும் ஒரு நாமமாவது சொல்லியிருப்பேன். அர்ச்சனைதான் நடந்தது, பிரசாதம் கிடைக்கவில்லை.

கடைசியில் ஸ்கோர். மைதானத்தின் கணக்கு 72 அடி. நாங்கள் 71. ஜெயித்த விற்பனைப் பிரிவு 52. பதினெட்டு குழியில் இருபது அடி மிச்சம் பிடிப்பது டைகர் உட்ஸ் நாலு பேர் சேர்ந்து ஆடினாலும் வியர்க்கிற காரியம். காலையிலேயே பதிவு மேஜையில் மலிகன் விற்றார்கள். பிடிக்காத அடியை அழித்துவிட்டு மறுபடி அடிக்கும் உரிமை, ஒன்று ஐந்து டாலர், தர்ம காரியத்துக்கு. விற்பனைப் பிரிவு தர்மத்தில் தாராளம் காட்டியிருக்க வேண்டும். பேனாவும் அவர்கள் கையில்தான் இருந்தது. காலாண்டுக் கணக்கையும் இதே பேனாவால்தான் எழுதுகிறார்கள்.

சாப்பாட்டு வரிசையில் வேறு அணியில் ஆடிய மதுரைக்காரத் தம்பி வந்து நின்றான்.

“என்னண்ணே, எவ்வளவு?”

“எழுபத்தொண்ணு.”

“எழுதிக் குடுத்துட்டீங்களா? அப்படியேவா?” பரிதாபத்தில் என் தட்டில் இன்னொரு கோழித் துண்டை வைத்தான்.

ராஃபிளில் குருவுக்கு ஒரு பரிசு விழுந்தது: அந்த மைதானத்துப் பயிற்சியாளரிடம் ஒரு மணி நேர இலவசப் பாடம். கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து, “இது எனக்கு எதுக்கு? நீ வச்சுக்கோ” என்று என் சட்டைப்பையில் செருகினார். நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார்.

“போயிட்டு வந்ததும் அவர் என்னென்ன சொல்லிக்கொடுத்தார்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. சரியாத்தான் சொல்றாரான்னு பார்த்துடுவோம்.”