எதிரே வருகிறவன் கண் யார் வீட்டுச் சொத்து?

ஆத்தூரில் ஓர் ஆம்னி வேனுக்கு ஹெட்லைட் பல்பு பியூஸ் போனால், சரியான பல்பைக் கண்டுபிடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. எச்4 வகையா, 12 வோல்ட்டா, 60/55 வாட்டா என்பது கழற்றிய பல்பின் அடியிலேயே பொறித்திருக்கும். விலையும் குறைவு. இத்தனை வசதி இருப்பதால்தான் அதை யாரும் வாங்குவதில்லை.

"அண்ணே, 100/90 போடுங்க. எதுத்தாப்ல வர்றவன் தானா ஒதுங்குவான்" என்கிறார் கடைக்காரர். சில பெட்டிகளில் பொதுச் சாலையில் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சாலைக்கு ஆகாத பல்பைப் போட்டுக்கொண்டு ஏரியிலா ஓட்டப் போகிறோம்?

சரி, ஒதுங்குகிறவன் எங்கே ஒதுங்குவான்? சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நான்குவழிச் சாலையைப் போட்ட மகான்கள் ஆத்தூர், வாழப்பாடி, சின்னசேலம், கள்ளக்குறிச்சி என்று புறவழிகளை மட்டும் இருவழியாக விட்டார்கள். சுங்கச்சாவடியில் வசூல் தொடங்கிய பிறகும் அவை அப்படியே கிடந்தன. நடுவில் தடுப்பில்லாத அந்த இருட்டில், எதிர் வண்டியின் வெளிச்சம் நேராகக் கண்ணில்தான் இறங்கும்.

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை. டிம் இழைக்கு அடியில் மட்டும் சின்னதாக ஒரு தகட்டுக் கிண்ணம். கீழே பாயும் ஒளியை அது மறித்துவிடும்; அதனால் ரிஃப்ளெக்டரில் பட்டு மேலே எகிற வேண்டிய வெளிச்சம் எகிறாது. எதிரே வருகிறவனுக்காகவே வைத்த தகடு அது. நம் ஆட்கள் அந்தப் பல்பையே கழற்றி எறிந்துவிட்டு, அதே ரிஃப்ளெக்டருக்குள் மலிவு எல்.இ.டி.யைச் செருகி, நாலாபக்கமும் தெறிக்கிற வெளிச்சத்துக்கு 'பவர்' என்று பெயர் வைக்கிறார்கள். 100/90 போட்டவருக்கோ ஹோல்டர் உருகி, ஒயர் கருகி, ரிஃப்ளெக்டர் பழுப்பேறும். பரவாயில்லை, கௌரவம் எரிகிறதே!

சட்டம் தூங்கவில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வலப்புறம் அரை மீட்டரில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது என்கிறது. தடை செய்த மாற்றத்தை வண்டியில் செய்த உரிமையாளருக்கு 2019 திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த 8 மீட்டரில் கண்ணைத் திறந்துகொண்டு நின்ற அதிகாரியை யாராவது பார்த்ததுண்டா? எஃப்.சி.க்கு முதல் நாள் பழைய பல்பு ஏறும், மறுநாள் இறங்கும். சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த திருப்தி.

2023 செப்டம்பர் 6 விடியலில் சங்ககிரி அருகே நின்றிருந்த லாரியின் பின்னால் ஓர் ஆம்னி வேன் மோதியது. ஒரு வயதுக் குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். பல்பு காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆம்னியில் இன்ஜின் இருப்பது சீட்டுக்கு அடியில். முன்கண்ணாடிக்கு அடுத்தது ஓட்டுகிறவரின் முழங்கால்தான். நொடி நேரம் கண் தெரியாமல் போனாலும் மன்னிக்கிற இடம் அந்த வண்டியில் கிடையாது. அப்படிப்பட்ட வண்டிகள் ஓடுகிற சாலையில்தான் அடுத்தவன் கண்ணைப் பறிப்பதற்குக் காசு கொடுத்துப் பல்பு வாங்குகிறோம்.

தலைவாசல் மார்க்கெட்டுக்கு விடியக்காலம் தக்காளி ஏற்றிப் போகிற அண்ணே, டிம் அடிக்கக் கை வலிக்கிறது என்றால் ஒன்றை மட்டும் யோசியுங்கள். நீங்கள் கண்ணைப் பறித்த அந்த லாரிக்காரர் வேறெங்கும் போகவில்லை. நேராக உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறார்.