குறியீட்டு அண்ணாச்சி

நாடகம் ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கே முதல் வரிசையின் நடுவில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் ஜமுக்காளத்தில் இருக்க, மூட்டுவலியைச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போட்டுக்கொள்வார். பின்னால் இருப்பவர்களுக்கு, வந்த குழு எதுவானாலும் கதாநாயகன் அண்ணாச்சியின் பிடரிதான்.

மேலப்பாளையத்தில் எங்கள் அரங்கு, முன்பு பீடி குடோனாக இருந்த ஒரு மாடி. நெருக்கி உட்கார்ந்தால் அறுபது பேர். தனியாக மேடை கிடையாது. நடிகர் கையை வீசினால் முதல் வரிசைக்காரர் மூக்கில் படும். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும் அந்த இடத்தில், தான் காதோடு காதாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் அண்ணாச்சி.

ஒருத்தி பானையோடு வருவாள். "குறியீடு வே. கருப்பை." பானையை இறக்கி வைப்பாள். "பாத்தீரா, பெத்துட்டா." அதிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள். "இப்ப அது தாமிரபரணி." கயிறு வந்தால் சாதி, கறுப்புத் துணி வந்தால் அரசாங்கம். கறுப்புத் துணியைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்களென்றால் அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் போச்சு.

நாடகத்தில் இருப்பதற்குச் சொன்னாலாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் பாதியில் ஒரு விளக்கு படபடவென்று அடித்து அணைந்தது. எலக்ட்ரீசியன் பையன் டெஸ்டரைப் பல்லில் கடித்தபடி, நடிகர்களுக்கு நடுவே ஏணியைப் போட்டு ஏறினான். அண்ணாச்சி என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "தொழிலாளி வர்க்கம் மேல ஏறுது பாரும்." பையன் வயரை முறுக்கினான், வெளிச்சம் வந்தது. அண்ணாச்சி மட்டும் கைதட்டினார். பையன் மிரண்டுபோய் ஏணியில் நின்றபடியே ஒரு கும்பிடு போட்டான். "கடைசியில அவனும் கும்பிட்டுட்டான் வே" என்று வருத்தப்பட்டார்.

இஷா தொழுகைக்குப் பாங்கு சொன்னால் நடிகர்கள் நின்ற நிலையில் நிற்பார்கள். இந்த ஊர் மரியாதை அது. வருகிற குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம். அண்ணாச்சிக்கு அது நாடகாசிரியர் பிரெக்ட். "அந்நியமாதல் உத்தி. சனம் கதையில முங்கிரப்பிடாதுன்னு நிப்பாட்டுதான்." பக்கத்தில் இருந்த பெரியவர் பொறுமையாக, "பாங்கு சொல்லுதாங்க அண்ணாச்சி" என்றார். "அதைத்தான நானும் சொல்லுதேன்!"

படிப்பு இல்லாத ஆள் என்று சொல்லிவிட முடியாது. 1977-இல் நா. முத்துசாமி கூத்துப்பட்டறை தொடங்கியது, 1980-இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து பயிற்சிப் பட்டறை நடத்தியது எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது. கோவில்பட்டி முருகபூபதியின் 'மணல்மகுடி' குழு போட்ட நாடகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். அங்கே படிமத்தின் மேல் படிமமாகக் கொட்டியதில் எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியாமல், முடிகிறவரை வாயே திறக்கவில்லையாம். கூடப் போனவர் சாட்சி. அந்தக் குழுவை இங்கே கூப்பிட வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்கு ஆசை.

பார்வையாளன் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்பது நமக்கு நேற்று வந்த பழக்கம், அதையும் சொல்லத்தான் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி, இதோ தூத்துக்குடிப் பக்கம். அவருடைய 'வள்ளி திருமண'த்தைக் கோயில் பொட்டலில் விடிய விடியப் பார்த்த சனம் 'ஒன்ஸ்மோர்' கேட்டது, பபூனோடு வாய்க்கு வாய் பேசியது, ராஜபார்ட் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தியது. அண்ணாச்சி அந்த வம்சம்தான். நோட்டுக் குத்துகிறதை மட்டும் மறந்துவிட்டார்.

எங்களிடம் டிக்கெட் கிடையாது. நாடகம் முடிந்ததும் துண்டு ஏந்துவோம். மனசுக்குப் பட்டதைப் போடலாம். துண்டு கிட்டத்தில் வரும்போதுதான் பலருக்குப் போன் வருகிறது. அணைத்து வைக்கச் சொன்ன போன், மணியே அடிக்காமல் காதுக்கு ஏறுகிறது. பெரிய பெரிய வேலையில் இருப்பவர்கள் இவர்கள். மதினி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரத்தொன்று மொய் எழுதுகிறவர்கள். சென்ற மாதம் நடித்த பையன் சிமெண்டுத் தரையில் விழுந்து விழுந்து முழங்கால் தோல் உரிந்திருந்தான். அன்றைக்குத் துண்டில் சேர்ந்தது குழுவின் பஸ் செலவுக்கே காணவில்லை. புரோட்டாவுக்கு நாங்கள் கைக்காசு போட்டோம். மாடி வாடகையும் கரண்டு பில்லும் தனிக் கணக்கு.

இந்தத் தடவை துண்டை நானே எடுத்துக்கொண்டு நேராக அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். துண்டின் ஒரு நுனியைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "துண்டுன்னா சும்மாவா? இதைத் தோள்ல போட விடாம எத்தனை வருசம் இடுப்புல கட்ட வச்சான்! இது தோளுக்கு ஏறுததுக்கு எத்தனை பேர் அடி வாங்கியிருக்கான்!" சொன்னது அத்தனையும் நிஜம். கூட்டம் அசையாமல் கேட்டது. இரண்டு பேர் குறிப்பு எடுத்தார்கள். பேசி முடித்தவர் மணியைப் பார்த்தார். "டவுனுக்குக் கடைசி பஸ் போயிரும்" என்று நுனியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் படியிறங்கிவிட்டார். கூட்டமும் அவரோடு பேசிக்கொண்டே இறங்கிவிட்டது.

அடுத்த மாதத்திலிருந்து வாசலிலேயே டிக்கெட். ஆளுக்கு நூறு ரூபாய். பேசுகிறவர்களுக்கு நூற்றைம்பது.