ஒரு சுற்று டேப்

அப்போதெல்லாம் மோட்டாரை ராக்கெட்டுக்குள் பிடித்து வைத்திருந்தது மாஸ்கிங் டேப்தான். கொலராடோவின் பென்ரோஸ் என்ற சிற்றூரிலிருந்து எஸ்டெஸ் கம்பெனி தபாலில் அனுப்பிய அட்டைக்குழாய் ராக்கெட்டை ராத்திரி கண்விழித்து ஒட்டி, பசை காய்ந்தும் காயாமலும் காலையில் புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு, அந்த வெளிர்மஞ்சள் டேப்பின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமுமான காகித உறை மோட்டாரின் மேல் ஒரு சுற்று சுற்றி நுழைத்துப் பார்ப்போம். லொடலொடவென்று ஆடினால் இன்னொரு அரைச் சுற்று. பாதியில் சிக்கிக்கொண்டால் நகத்தால் கிள்ளிக் கொஞ்சம் உரித்தெடுப்போம். எத்தனை சுற்று என்பது விரலுக்குத்தான் தெரியும்.

மோட்டார் ஏன் நழுவப்போகிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நெருப்பு கீழே பீறிடும்போது மோட்டார் மேல்நோக்கித்தானே அழுந்துகிறது? உண்மைதான், அதைத் தாங்க உள்ளே ஒட்டிய ஓர் அட்டை வளையம் போதும். வம்பு உச்சியில் காத்திருக்கிறது. சி6-5 என்று மோட்டாரில் அச்சிட்டிருந்தால், எழுத்து மொத்த உந்துதலின் வகுப்பைச் சொல்லும். 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். 5 என்பது எரிந்து முடிந்தபின் பொறுத்திருக்கும் விநாடிகள். அந்த 5 விநாடி கழிந்ததும் மோட்டாரின் தலைப்பக்கத்துச் சிறு மருந்து வெடித்துக் குழாயை வாயுவால் நிரப்பும். அந்த அழுத்தம் மூக்குக் கூம்பையும் தள்ளும், மோட்டாரையும் தள்ளும். எது தளர்வாக இருக்கிறதோ அது முதலில் வெளியேறும். கூம்பு கழன்றால் பாராசூட் விரியும். மோட்டார் கழன்றால் வாயுவும் அந்த வழியே போய்விட, பாராசூட் மடித்தது மடித்தபடி உள்ளே கிடக்க, ராக்கெட் தலைகுப்புற வந்து மண்ணில் குத்தும்.

அதனால்தான் திடலில் ஒரு பெரியவர் எப்போதும் இருப்பார். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் ராக்கெட்டையும் வாங்கி, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் மோட்டாரின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, ராக்கெட்டை அந்தரத்தில் தொங்கவிடுவார். நழுவவில்லை என்றால் ஒரு தலையசைப்பு. அந்தத் தலையசைப்புக்காகவே எத்தனை பேர் டேப்பை உரித்து உரித்துச் சுற்றியிருக்கிறோம்! மோட்டாரை வேண்டுமென்றே உமிழ்ந்துவிட்டு, இலேசான உடம்போடு மெல்ல இறங்கும் ஸ்ட்ரீக் போன்ற சின்ன ராக்கெட்டுகளும் இருந்தன. அவை பறந்த பிறகு புல்லை விலக்கி விலக்கிக் கருகிய உறையைத் தேடி எடுப்பது பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு. மோட்டாரைக் கீழே இருந்து பற்றிக்கொள்ளும் எஃகுக் கொக்கி வந்தபோதுகூட, அதன்மேல் ஆசைக்கு ஒரு சுற்று டேப் போட்டவர்கள் உண்டு.

இன்று 29, 38 மில்லிமீட்டர் அலுமினிய உறைகள். உள்ளே எரிபொருளை மாற்றி மாற்றிப் பல வருடம் பறக்கவிடலாம். ஆனால் ஒன்று காட்டுக்குள் விழுந்து தொலைந்தால் பர்ஸ் அழும். ஆகவே திருகாணியும் பிடிப்பானும் வைத்தார்கள், பிறகு மரை போட்ட அலுமினிய வளையமே வந்துவிட்டது. சூட்டைத் தாங்கும் ஜே-பி வெல்ட் பசையால் அடிப்பகுதியில் ஒருமுறை ஒட்டிவிட்டால், அதன்பின் மூடியைத் திருகுவது மட்டுந்தான் வேலை. விரலுக்குச் சோதனை இல்லை, பெரியவருக்கும் தொங்கவிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. திடலில் பேச்சுக் குறைந்துபோனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். ஆனாலும் பல நூறு அடி உயரத்திலிருந்து அலுமினிய உறை ஒன்று மனிதர்கள் நிற்கும் இடத்தில் விழலாம் என்பதை நினைத்தால், பெரிய ராக்கெட்டுக்கு மரை வளையம்தான் சரி. அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை.

பிள்ளைக்கு முதல் ராக்கெட் வாங்கித் தருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொக்கி இல்லாத சின்ன ராக்கெட் ஒன்றையும் வாங்குங்கள். டேப்பை அவர்களே சுற்றட்டும். பற்றவைக்கும் கம்பியைச் செருகுவதற்கு முன்னால் மோட்டாரைப் பிடித்து இழுத்துப் பார்க்க மட்டும் மறக்காமல் சொல்லிக்கொடுங்கள்.