செம்பட்டைக்கு வந்த மவுசு

எங்கள் தெருவில் முன்பெல்லாம் செம்பட்டைத் தலை என்றால் வசவு. பாட்டிமார் எண்ணெய்க் கிண்ணத்தோடு துரத்துவார்கள். இப்போது அதே நிறத்துக்குப் பார்லரில் ‘காப்பர்’ என்று பெயர், விலை ஆயிரக்கணக்கில்.

என் மைத்துனர் மகன் அந்தச் செலவை மிச்சம் பிடித்தான். அக்காள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்க, வீட்டுக் குளியலறையில் ப்ளீச். கறுப்பு முடி நேரே பொன்னிறத்துக்குப் போகாது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஊர் ஊராக நின்றுதான் போகும். தலைச்சூட்டில் வேர்ப்பக்கம் மஞ்சள் வரை போய்விட, நுனி ஆரஞ்சிலேயே இறங்கிக்கொண்டது. பதறிப்போய் மேலே சாம்பல் பழுப்பு டை. மஞ்சளோடு அது சேர்ந்து பச்சை! மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் வேப்பிலை அடிப்பார்கள்.

பார்லர்காரர் டாக்டர் மாதிரி விசாரித்தார்: “தம்பி, இதுக்கு முன்னாடி என்னென்ன போட்டீங்க? மருதாணிப் பொடி உண்டா?” சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும், பெராக்சைடு பட்டால் முடி கொதித்துப் பொசுங்கும். பின்னந்தலையில் ஒரு கற்றையைச் சோதித்துவிட்டே தொட்டார்.

வைத்தியம் என்ன தெரியுமா? சிவப்பு. பச்சையை அதுதான் அடக்குமாம். விடிய விடிய விரட்டிய சிவப்பைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து, மேலே அடர்பழுப்பு பூசி, நாலு மணி நேரத்தில் பிறந்த நிறத்துக்குக் கிட்டத்தட்டக் கொண்டுவந்து சேர்த்தார்.

பில் கட்டியவர் மைத்துனர். அவர் தலையில் எந்த நிறமும் ஒட்ட வழியில்லை.