7-ஆம் எண் புங்கை

சென்னைப் புறநகரில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம். பின்பக்கத் திறந்தவெளிப் பார்க்கிங்கில் மே மாதம் மதியம் இரண்டு மணிக்குக் காரில் ஏறுகிறவர்கள், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற பக்குவத்தில் ஸ்டீயரிங்கைத் தொட்டுத் தொட்டுக் கையை எடுப்பார்கள்.

பொதுக்குழுவில் செயலாளர் எழுந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எதற்கும் இரண்டு நகல் வேண்டும் அவருக்கு. அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரத்தில் 1983-லேயே விதி வந்துவிட்டது என்றார்: புதிதாகப் பார்க்கிங் அமைத்தால் 15 ஆண்டுக்குள் அதில் பாதி இடத்தில் மரநிழல் விழ வேண்டும். (பிற்பாடு அளந்து பார்த்தபோது பாதியை எட்டவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.) மரம் நடும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மரத்தை எங்கே வைப்பது என்று கேட்டதும் ஏகமனது கலைந்தது.

ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அதில் ஒரு சாணைக்கூட விட்டுக்கொடுக்க யாரும் தயாரில்லை. கூட்டத்துக்கு வராததால் பார்க்கிங்கில் 7-ஆம் எண்காரரின் சுவரோரம் தேர்வானது.

அடுத்து, எந்த மரம்? மயில்கொன்றை என்றதும் 2016 டிசம்பரில் வர்தா புயலில் கார் நசுங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தூங்குமூஞ்சி மரத்தின் காய் பிசுபிசுவென்று டயரில் ஒட்டும். "முருங்கை வெச்சா சாம்பாருக்காவது ஆகும்" என்றார் மூன்றாம் மாடி மாமி. கம்பளிப்பூச்சிக்கும் ஆகும் என்று யாரோ முனகினார்கள். தென்னையை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்கண்ணாடி இருந்தது. கடைசியில் புங்கை வென்றது.

கான்ட்ராக்டர் ஒரு பக்கெட் அளவுக்குக் குழி தோண்டி, கன்றை வைத்து, கழுத்துவரை சிமென்ட் பூசிவிட்டுப் போனார். தோட்டக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வேரும் மூச்சு விடணும் சார். இப்படிக் காலர் பட்டனைப் போட்டு இறுக்கினா எப்படி?" நாலடிக்கு நாலடி சிமென்ட்டை உடைத்தார்கள். சுற்றிலும் புல் முளைக்க ஓட்டை விட்ட கற்களைப் பதித்ததில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. ஓரத்தில் நட்ட இட்லிப்பூச் செடிகள் மட்டும் ஒரே வாரத்தில் ரிவர்ஸ் எடுத்த காருக்குப் பலி. அப்புறம்தான் சக்கரத்தைத் தடுக்க ஒரு திண்டு கட்டத் தோன்றியது.

சில வருடங்களில் புங்கை குடை விரித்தது. சூரியனோ தீர்மானத்தைப் படிக்கவில்லை. காலை நிழல் மேற்கே 6-ஆம் எண்ணில். மாலை நிழல் கிழக்கே 8-ஆம் எண்ணில். உச்சிவேளையில் நிழல் 7-ஆம் எண்ணில்தான், ஆனால் அந்நேரம் அவருடைய கார் ஆபீஸ் வாசலில், மொட்டை வெயிலில் நிற்கும். இரவு வீடு திரும்பினால் மரத்தில் காக்கைகள் தயார். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் பெயிண்ட்டை அரிக்கும் என்பதால், அவர் தினமும் விடிகாலையில் பக்கெட்டும் துணியுமாக நிற்பார். ஏப்ரலில் பொரி கொட்டினாற்போல் பூ வேறு.

"மரம் எனக்கு, நிழல் அவங்களுக்கா?" என்று கேட்டு, பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் போன வாரம் மனு கொடுத்தார். செயலாளர் பொறுமையாகப் படித்தார்.

இன்னொரு நகல் கேட்டிருக்கிறார்.