கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு மாறுகிறோம். கிண்டியில் ஆபீஸ். வீட்டை ஆபீஸ் பக்கம் பார்ப்பதா, பள்ளிக்கூடம் பக்கமா?

ரயில்வே ஸ்டேஷன் பக்கம்! பிள்ளை வளர்ந்தால் பள்ளி மாறும், முதலாளி முறைத்தால் ஆபீஸ் மாறும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து கிண்டி வழியாகத்தான் ஓடுகிறது. (மீட்டர்கேஜ் அகலப்பாதையானது, அவ்வளவுதான்.)

ஆனால் பள்ளி நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். ரயிலில் நீங்கள் நின்றுகொண்டே தூங்கலாம், யு.கே.ஜி. குழந்தை வேனில் தூங்கக் கூடாது.

நல்ல பள்ளிக்காகவே ஏரியா மாறலாமா?

தாராளமாக. முதலில் சீட், பிறகு வீடு. அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் ‘அட்மிஷன் முடிந்தது’ என்ற போர்டைப் படிக்கும்போது, நாம் ஏன் படிக்கக் கற்றோம் என்றிருக்கும்.

‘தாம்பரத்திலிருந்து பத்தே நிமிஷம்’ என்கிறாரே புரோக்கர்?

எத்தனை மணிக்கு? விடிகாலை மூன்று என்றால் அவர் அரிச்சந்திரன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்றால், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரியுங்கள். புரோக்கரிடம் அல்ல, தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம்.